கருவிழி தானமும் கருவிழி நோய்களும்: காவிரி டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கருவிழி என்பது கண்ணின் முன்னால் உள்ள தெளிந்த மூடி, கார்னியா. அதன் விஷயத்தில் எல்லாமே மணிக்கணக்குதான். நெல் சுணை பட்ட கண்ணுக்குச் சரியான மருந்து எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது, இறந்தவர் வீட்டிலிருந்து கண் வங்கிக்கு எத்தனை மணி நேரத்தில் போன் போனது என்ற இரண்டையும் பொறுத்தே பல பேருடைய பார்வை நிற்கிறது. உங்கள் வீட்டில் இப்போது இறப்பு நேர்ந்திருந்தால் முதல் கேள்விக்கான பதிலை மட்டும் படித்துவிட்டுப் போனை எடுங்கள். மற்றதைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

வீட்டில் ஒருவர் இறந்துவிட்டார். கண்களைக் கொடுக்க விரும்புகிறோம். இந்த நிமிடம் என்ன செய்யவேண்டும்?

முதல் வேலை கண் வங்கிக்குப் போன். எண் தெரியாவிட்டால் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணை அழைத்து, பக்கத்தில் உள்ள கண் வங்கி எது என்று கேளுங்கள். இறந்த நேரம், வயது, என்ன நோய், வீட்டுக்கு வரும் வழி ஆகிய நான்கையும் முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். வழி சொல்லும்போது தெருப் பெயர் மட்டும் போதாது. எந்த ஊர் ரோடு, எந்த ஆற்றுப் பாலம், எந்தக் கோயில் திருப்பம் என்று சொல்லுங்கள். இரவு நேரமானால் ஒரு பையனை டார்ச்சோடு மெயின் ரோட்டில் நிறுத்துங்கள். வாய்க்கால் கரையோரத் தெருக்களில் வண்டி வழி தவறி அரை மணி நேரம் சுற்றுவது சாதாரணமாக நடக்கிறது.

பேசி முடித்ததும் இமைகளை மெதுவாக மூடுங்கள். சுத்தமான பஞ்சை நல்ல தண்ணீரில் நனைத்து, பிழிந்து, இமைகளின் மேல் வையுங்கள். பாலிதீன் பையில் கட்டிய ஐஸ் துண்டு இருந்தால் அதை அந்தப் பஞ்சின் மேல் வைக்கலாம். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். இமை முழுதாக மூடாமல் கீற்றுப்போலத் திறந்திருந்தால், அந்த இடத்தில் படும் காற்றில் கருவிழியின் மேல்தோல் காய்ந்து உரிந்துபோகும். ஏசி இருந்தால் ஓடட்டும். தலைக்குக் கீழே இரண்டு தலையணை வையுங்கள். தலை தாழ்ந்திருந்தால் முகத்தில் ரத்தம் தேங்கும், கருவிழியை எடுக்கும்போது கசியும்.

எண்ணெய், சந்தனம், விபூதி எதுவும் கண்ணுக்குள் போகவேண்டாம். நீர்மாலை எடுத்துக் குளிப்பாட்டுவதைக் கண் வங்கிக்காரர்கள் வந்து போன பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மருந்து செலுத்திப் பதப்படுத்துவதாக இருந்தாலும் அதற்கு முன்பே கண்ணை எடுத்தாகவேண்டும்.

இதற்கிடையில் ஒருவர் காகிதங்களைத் தேடட்டும். ஆஸ்பத்திரி ஃபைல், கடைசியாகச் சாப்பிட்ட மருந்துச் சீட்டு, ஆதார் நகல் தேவைப்படும். வீட்டிலேயே இறந்திருந்தால், பார்த்து வந்த டாக்டரை அழைத்து இறப்பையும் காரணத்தையும் எழுதி வாங்கிவையுங்கள். இறப்புக்கான காரணம் தெரியாத கண்ணை யாருக்கும் வைக்க மாட்டார்கள். ஒப்புதல் படிவத்தில் கணவர், மனைவி, மகன், மகள், பெற்றோர், உடன்பிறந்தவர் போன்ற நெருங்கிய உறவினர் கையெழுத்துப் போடவேண்டும். சாட்சிக் கையெழுத்தும் வேண்டும்.

இறந்து 6 மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்கவேண்டும் என்று ஏன் சொல்கிறார்கள்?

கருவிழியின் உள்பக்கத்தில் ஒரே ஒரு வரிசைச் செல்கள் இருக்கின்றன. கருவிழிக்குள் ஊறும் நீரை ஓயாமல் இறைத்து வெளியே தள்ளி அதைப் பளிங்குபோல வைத்திருப்பவை அவை. இறந்த பிறகு ரத்த ஓட்டம் இல்லாவிட்டாலும் கொஞ்ச நேரம் உயிரோடு இருக்கும், பிறகு மடியத் தொடங்கும். ஒருமுறை மடிந்த செல்லுக்குப் பதில் புதுசு முளைப்பதில்லை. பார்வைக்காக வைக்கும் கருவிழியில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 2000 செல்களாவது இருக்கவேண்டும் என்று பொதுவாகக் கண் வங்கிகள் பார்க்கின்றன. சித்திரை வெயிலில், ஓட்டு வீட்டில், கூட்டத்துக்கு நடுவில் கிடக்கும் உடலில் அவை இன்னும் வேகமாகக் குறையும். அதனால் 6 மணி நேரம் இருக்கிறதே என்று காத்திருக்காதீர்கள். வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் என்றால் தஞ்சாவூரிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வண்டி வரவே மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். சிங்கப்பூரில் இருக்கும் மகனிடம் கேட்டுவிட்டுப் போன் செய்யலாம் என்று நினைப்பவர்கள், கண் வங்கிக்கு முதலில் போன் செய்துவிட்டு வண்டி வந்துகொண்டிருக்கும்போது மகனிடம் பேசலாம். யாராவது வேண்டாம் என்றால் வந்தவர்கள் எந்த மனத்தாங்கலும் இல்லாமல் திரும்பிப் போய்விடுவார்கள்.

உடலைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டோம். கண் கெட்டிருக்குமா?

கெடாது. குளிர் கருவிழிக்கு நல்லதுதான். ஆனால் ஈரப் பஞ்சு வைத்த பிறகே பெட்டியை மூடுங்கள். பெட்டிக்குள் இருக்கிறது, காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்றும் விட்டுவிடாதீர்கள்.

கண்ணைத் தோண்டி எடுத்தால் முகம் விகாரமாகாதா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் தாய்மார்களும் மனைவிமார்களும்தான். நியாயமான பயம். அதனால் நடப்பதை அப்படியே சொல்கிறோம்.

பயிற்சி பெற்ற ஒருவரோ இருவரோ வருவார்கள். ஒரு அறையையோ திரை மறைப்பையோ கேட்பார்கள். முதலில் டார்ச் அடித்துக் கண்ணைப் பார்ப்பார்கள். பரிசோதனைக்காக 5 முதல் 10 மில்லி ரத்தம் எடுப்பார்கள். ஊசி குத்துவதைப் பார்த்துப் பதறவேண்டாம், எய்ட்ஸ், மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ் கிருமிகள் இருக்கின்றனவா என்று பார்க்கத்தான் அது. பிறகு இமைகளையும் சுற்றுப்புறத்தையும் போவிடோன் அயோடின் கொண்டு துடைத்து, துளையிட்ட சுத்தத் துணியை விரித்து, கருவிழியை அதைச் சுற்றியுள்ள வெண்விழியின் 2, 3 மில்லிமீட்டர் விளிம்போடு வட்டமாக வெட்டி எடுப்பார்கள். பெரும்பாலான இடங்களில் இப்போது இப்படித்தான் செய்கிறார்கள். விழிக்கோளம் இருந்த இடத்திலேயே இருக்கும். அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் மூடியைப் பொருத்தி இமையை மூடிவிடுவார்கள். முழு விழியையும் எடுக்கும் முறையிலும் உள்ளே பஞ்சு வைத்து, மூடி பொருத்தி, இமையை மூடுவார்கள். மொத்தம் 20, 30 நிமிடம். மாலை போட்டு உட்கார வைத்தாலும் தூங்குவதுபோலத்தான் இருக்கும். எப்போதாவது ஓரத்தில் லேசாக ரத்தம் கசியலாம். தலையை உயர்த்தி வைத்து, பஞ்சால் சில நிமிடம் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும்.

எடுத்த கருவிழி, கட்டைவிரல் உயரமுள்ள சின்னக் குப்பியில் இளஞ்சிவப்புத் திரவத்தில் மிதந்துகொண்டு போகும். குப்பியைத் தூக்கிப் பார்த்தால் வெள்ளை வளையம் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும், நடுவில் உள்ளதுதான் கருவிழி. அது நல்ல கருவிழி என்பதற்கு அதுவே அடையாளம்: இருப்பதே தெரியாது.

யார் கொடுக்கலாம், யார் கொடுக்கக்கூடாது?

வயது தடையில்லை. 80 வயதுப் பாட்டியின் கருவிழியும் பயன்படும். கண்ணாடி போட்டவர், சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர், மாரடைப்பில் இறந்தவர், புரை ஆபரேஷன் செய்துகொண்டவர் எல்லோரும் கொடுக்கலாம். கண்ணாடியைத் தவிர்க்க லேசர் சிகிச்சை செய்துகொண்டவருடைய கருவிழியின் உள்ளடுக்கை மட்டும் எடுத்துப் பயன்படுத்த முடியும். கண்ணிலும் ரத்தத்திலும் அல்லாமல் வேறு இடத்தில் புற்றுநோய் இருந்தவர்களுடைய கருவிழியையும் பொதுவாக ஏற்கிறார்கள். ரத்த ஓட்டமே இல்லாத திசு என்பதால் இது முடிகிறது.

வெறிநாய்க்கடி நோய், எய்ட்ஸ், மஞ்சள் காமாலை பி, சி, ரத்தப் புற்றுநோய், உடல் முழுவதும் பரவிய கிருமித் தொற்று, காரணம் தெரியாத மூளைக்காய்ச்சல் ஆகியவற்றால் இறந்தவர்களுடையதை வைக்க மாட்டார்கள். சந்தேகம் இருந்தால் நீங்களே முடிவு செய்துகொண்டு விட்டுவிடாதீர்கள், போனில் சொல்லுங்கள். முடிவை அவர்கள் எடுக்கட்டும்.

கண் தான உறுதிமொழி அட்டையில் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். போதாதா?

போதாது. நீங்கள் இறந்த பிறகு போனை எடுக்கப் போவது உங்கள் வீட்டார்தான். அட்டை பீரோவில் பட்டுப் புடவைக்கு அடியில் கிடந்து, பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு கண்ணில் பட்ட வீடுகள் உண்டு. கண் வங்கி எண்ணைக் காலண்டர் அட்டையில் எழுதி ஒட்டுங்கள். மகனிடம், மருமகளிடம், பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவையுங்கள். அட்டையே இல்லாவிட்டாலும் குடும்பம் சம்மதித்தால் கண் தானம் நடக்கும்.

விபத்தில் இறந்து, உடல் ஜி.ஹெச்.சில் போஸ்ட்மார்ட்டத்துக்கு இருக்கிறது. முடியுமா?

முடியும். போலீஸ் அதிகாரிக்கும் போஸ்ட்மார்ட்டம் செய்யும் டாக்டருக்கும் தெரிவித்து அனுமதி பெறவேண்டும். விசாரணைக்குக் கண் ஆதாரமாகத் தேவைப்படும் வழக்கு என்றால் மறுப்பார்கள். இதில் நேரம்தான் எதிரி. போஸ்ட்மார்ட்டம் மறுநாள் என்றால் கருவிழியை மட்டும் இன்றே எடுக்க முடியுமா என்று உடனே கேளுங்கள்.

கண் இல்லாமல் அனுப்பினால் அடுத்த பிறவியில் குருடாகப் பிறப்பார் என்கிறார்கள் பெரியவர்கள்.

பெரியவர்களிடம் வாதம் செய்து பயனில்லை. அவர்கள் அறிந்த கதையைச் சொல்லுங்கள். திருவீழிமிழலையில், பூசைக்கு ஒரு தாமரை குறைந்தபோது திருமால் தன் கண்ணையே பறித்துச் சாத்தினார் என்பது தல வரலாறு. கண் போன சுந்தரர் ஒரு கண்ணைக் காஞ்சியிலும் மற்றதை நம் திருவாரூரிலும் திரும்பப் பெற்றார் என்று இங்கே பிள்ளைகளுக்கும் தெரியும். கண்ணைக் கொடுத்தவனுக்குக் கேடு வந்ததாக நம் ஊர்க் கதை எதுவும் சொல்லவில்லை.

நாகூர், கூத்தாநல்லூர்ப் பக்கம் வேறு கவலை சொல்வார்கள்: அடக்கம் தாமதமாகக்கூடாது. அரை மணி நேர வேலை என்பதால், போன் உடனே போனால் கப்ர் தோண்டி முடிப்பதற்குள் முடிந்துவிடும்.

எடுத்த கண்ணைக் காசுக்கு விற்கிறார்களா?

விற்பது குற்றம். 1994-ல் வந்து 2011-ல் திருத்தப்பட்ட மனித உறுப்பு, திசு மாற்றுச் சட்டம் அதைத் தடுக்கிறது. கருவிழிக்கு விலை கிடையாது. பரிசோதனை, திரவம், பாதுகாப்புக்கான செலவை ஆஸ்பத்திரி தனியாகக் கேட்கலாம், அறுவைக்குத் தனிச் செலவு உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதில் வருமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

வங்கிக்குப் போனதும் கருவிழியை நுண்ணோக்கியில் பார்த்துச் செல் எண்ணுவார்கள். எம்.கே. என்ற பாதுகாப்புத் திரவத்தில் 4 நாள், மதுரை ஆரோலேப் தயாரிக்கும் கார்னிசால் போன்ற திரவத்தில் 14 நாள் வரை வைத்திருக்கலாம். சாதாரண ஃப்ரிட்ஜ் குளிர், 2 முதல் 8 டிகிரி. ஐஸாக உறைந்தால் செல்கள் செத்துவிடும். இரண்டு கருவிழிகளும் பொதுவாக இரண்டு பேருக்குப் போகும். எல்லாக் கருவிழியும் பார்வைக்காகப் பயன்படுவதில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். செல் குறைந்தவை, புண்ணால் ஓட்டை விழும் கண்ணைக் காப்பாற்ற அவசரத்துக்குப் போகும், அல்லது இளம் டாக்டர்களின் பயிற்சிக்கு. யாருக்கு வைத்தார்கள் என்ற பெயரைச் சொல்ல மாட்டார்கள்.

எங்க அப்பாவுக்குக் கண்ணுல பூ விழுந்துடுச்சுங்கிறாங்க, சிலர் புரைங்கிறாங்க. ரெண்டும் ஒண்ணா?

இரண்டும் வேறு. நம் பக்கம் இந்தக் குழப்பத்தால் மாதக்கணக்கில் காலம் போகிறது.

கண்ணில் கருப்பாகத் தெரியும் வட்டத்துக்கு முன்னால் கைக்கடிகாரக் கண்ணாடிபோல ஒரு தெளிந்த மூடி இருக்கிறது. அதுதான் மருத்துவர்கள் சொல்லும் கருவிழி, கார்னியா. சட்டைப் பொத்தான் அகலம், நடுவில் அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான கனம். காயமோ புண்ணோ ஆறிய இடத்தில் இது வெள்ளையாகத் தழும்பானால் அதைத்தான் ‘பூ’ என்கிறோம். கண்ணுக்கு நேரே நின்று பார்த்தாலே மேற்பரப்பில் வெள்ளைத் திட்டு தெரியும். புரை என்பது கண் பாப்பாவுக்குப் பின்னால் உள்ள லென்ஸ் மங்குவது. அதற்குச் செயற்கை லென்ஸ் வைப்பார்கள், தானக் கண் தேவையில்லை. பூவுக்கு, அது நடுவில் இருந்து பார்வையை மறைத்தால், தானமாக வந்த கருவிழிதான் வழி. ஓரத்தில் உள்ள பூவை ஒன்றும் செய்யவேண்டியதில்லை. கண்ணழுத்த நோய், சர்க்கரையால் விழித்திரை கெட்டது, நரம்பு வாடியது ஆகியவற்றுக்குக் கருவிழி மாற்று உதவாது. முழுக் கண்ணையும் எடுத்து வைத்துப் பார்வை தரும் சிகிச்சை இன்னும் வரவில்லை.

அறுப்பில், களத்தில் கண்ணில் சுணை பட்டுவிட்டது. என்ன செய்வது?

கசக்காதீர்கள். இதை முதலில் சொல்லக் காரணம், நெல்மணியின் மேலுள்ள சுணை கண்ணாடித் துகள்போலக் கருவிழியின் மேல்தோலைக் கீறும். கீறிய இடம் வழியாகத்தான் மண்ணிலும் தாளிலும் உள்ள பூஞ்சை உள்ளே போகிறது.

கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரோ குடிநீரோ கொண்டு ஐந்து நிமிடம் இமையைத் திறந்து கழுவுங்கள். வாய்க்கால், குளத்துத் தண்ணீர் வேண்டாம். அதில் அகாந்தமீபா என்ற ஓரணு உயிரி இருக்கலாம், அது புண்ணாக்கினால் வலி தாங்க முடியாது, ஆற மாதங்கள் ஆகும். கழுவியும் உறுத்தல் நின்றுபோகவில்லை என்றால் அன்றே கண் டாக்டரிடம் போங்கள். அவர் மேல் இமையைத் திருப்பிப் பார்ப்பார். உமி பல நேரம் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும், ஒவ்வொரு சிமிட்டலுக்கும் கருவிழியைக் கீறும். பிறகு ஃப்ளோரசின் என்ற சாயம் தோய்ந்த தாளை ஈரமாக்கிக் கண்ணில் தொட்டு நீல வெளிச்சத்தில் பார்ப்பார். கீறல் இருந்தால் அந்தக் கோடு பச்சையாக ஒளிரும்.

சாதாரணக் கீறல் ஒன்று முதல் மூன்று நாளில் ஆறிவிடும். ஆனால் அதற்கிடையில் தொற்று வராமல் ஆன்டிபயாட்டிக் களிம்பு வேண்டும். நேபாளத்தில் பக்தபூர் கிராமங்களில் செய்து 2001-ல் வெளியான ஆய்வில், கீறல் பட்டவர்களுக்கு குளோராம்ஃபெனிகால் 1 சதவீதக் களிம்பை நாளுக்கு மூன்று முறை, மூன்று நாள் போட்டார்கள். காயம் பட்டு 18 மணி நேரத்துக்குள் தொடங்கியவர்களில் ஒருவருக்கும் புண் வரவில்லை. தாமதிக்கத் தாமதிக்கப் புண் வந்தவர்கள் கூடினார்கள். விவசாய பூமியில் இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை.

நாக்கால் எடுத்தால் வந்துவிடுமே? தாய்ப்பால், விளக்கெண்ணெய் விடலாமா?

கூடாது. ஊரில் கண்ணில் விழுந்த தூசியை நாக்கால் தடவி எடுக்கும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். அன்பால் செய்வதுதான், ஆனால் வாயில் உள்ள கிருமி நேராகக் கீறலுக்குள் போகிறது. தாய்ப்பால், பச்சிலைச் சாறு, விளக்கெண்ணெய், பன்னீர் எல்லாவற்றுக்கும் இதே பதில். ஊசி முனையால், கோழி இறகால் எடுப்பது அதைவிட மோசம்.

மெடிக்கலில் கேட்டு ஒரு சொட்டு மருந்து போட்டேன். இரண்டு நாளில் சிவப்பு குறைந்தது, பிறகு முன்னைவிட மோசமாகிவிட்டது. ஏன்?

குப்பியின் லேபிளைப் பாருங்கள். டெக்சாமெதசோன், பிரட்னிசோலோன், பீட்டாமெதசோன் ஆகிய பெயர்களில் ஏதாவது இருந்தால் அதில் ஸ்டீராய்டு சேர்ந்திருக்கிறது. ஸ்டீராய்டு சிவப்பையும் வலியையும் அடக்கும், அதே நேரத்தில் உடலின் எதிர்ப்பையும் அடக்கும். பூஞ்சைக்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது. ‘மெட்ராஸ் ஐ’ என்று நினைத்துக் கொடுப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி: மெட்ராஸ் ஐயில் பீளை தள்ளும், காலையில் இமை ஒட்டிக்கொள்ளும், ஆனால் பார்வை பெரிதாகக் குறையாது. கருவிழிப் புண்ணில் ஒற்றைக் கண்ணில் வலி, வெளிச்சம் பட்டால் கூச்சம், பார்வை மங்கல், கருவிழி மேல் சாம்பல் வெள்ளைப் புள்ளி. புள்ளி தெரிந்தால் அது அவசரம்.

கருவிழிப் புண்ணுக்கு ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்?

புண்ணைச் சுரண்டுவார்கள். மரத்துப்போகும் சொட்டு விட்டு, நுண்ணோக்கியில் பார்த்தபடி, சின்ன பிளேடால் புண்ணின் ஓரத்தையும் அடியையும் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் தடவுவார்கள். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு துளி விட்டுப் பார்த்தால், பூஞ்சை இருந்தால் கிளைவிட்ட நூல்போல அங்கேயே தெரிந்துவிடும். மீதியை வளர்ப்புத் தட்டில் கோடிழுத்து வைப்பார்கள், அதன் முடிவு வரச் சில நாள் ஆகும். சுரண்டாமல் கண்ணால் பார்த்தே மருந்து எழுதினால், சுரண்டிப் பார்க்கவேண்டாமா என்று மரியாதையோடு கேளுங்கள். எந்தக் கிருமி என்று தெரியாமல் ஆரம்பிக்கும் மருந்தில் வாரங்கள் வீணாகும்.

தென்னிந்தியாவில் விவசாயக் காயத்துக்குப் பின் வரும் பூஞ்சைப் புண்களில் ஃபுசேரியமும் ஆஸ்பர்ஜில்லஸும்தான் முக்கியம். முதல் மருந்து நேட்டமைசின் 5 சதவீதச் சொட்டு. மருந்து அடியில் தங்கும், ஒவ்வொரு முறையும் குப்பியை நன்றாகக் குலுக்கவேண்டும். குலுக்காமல் விட்டால் வெறும் தண்ணீர்தான் கண்ணில் விழும். முதல் நாட்களில் விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை. புண்ணின் மேல் வெள்ளையாக மருந்து படியும், அதைச் சீழ் என்று நினைத்துத் துடைத்து எடுக்கவேண்டாம். வேறு சொட்டும் இருந்தால் ஐந்து நிமிட இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும். சிகிச்சை பல வாரம் ஓடும். வலி குறைந்துவிட்டது என்று பத்தாம் நாள் நிறுத்துபவர்களுக்குத்தான் புண் மீண்டும் கிளம்புகிறது. நேட்டமைசின் ஆழத்துக்குள் அதிகம் இறங்காது, அதனால் ஆழமான புண்ணுக்கு வேறு மருந்தும் சேர்க்க வேண்டிவரும்.

நீர் வடியும் கண் பல வருடமாக இருக்கும் பெரியவர்களுக்கு இன்னொன்று பார்ப்பார்கள். மூக்கோரத்தில் அழுத்தினால் கண்ணீர்ப்பையிலிருந்து சீழ் வருகிறதா? வந்தால் கிருமிக்கு ஊற்றே அங்கேதான். அதைச் சரிசெய்யாமல் புண் ஆறாது.

மருந்துக்கு அடங்காமல் புண் பரவினாலோ ஓட்டை விழுந்தாலோ உடனே தானக் கருவிழி வைத்துத் தைப்பார்கள். அப்போது முதல் நோக்கம் கண்ணைக் காப்பாற்றுவது, பார்வை இரண்டாவது. கொதிப்பிலுள்ள கண்ணில் வைத்த கருவிழி பெரும்பாலும் மங்கிவிடும். கண் அமைதியான பிறகு மறுபடி வைக்க வேண்டியிருக்கும்.

குழந்தை சுண்ணாம்புப் பாக்கெட்டை அழுத்திக் கண்ணில் தெறித்துவிட்டது.

வண்டியைத் தேடுவதற்கு முன் கழுவுங்கள். குறைந்தது 30 நிமிடம், ஓடும் குழாய்த் தண்ணீரில், இமையைப் பிரித்துப் பிடித்து. சுண்ணாம்பு காரம், அமிலத்தைவிட வேகமாக உள்ளே இறங்கும். இமைக்கு அடியில் ஒட்டிய துகள்கள் கரையக் கரைய எரித்துக்கொண்டே இருக்கும், அதனால் இமையைத் திருப்பி ஈரப் பஞ்சால் எடுக்கவேண்டும். எலுமிச்சைச் சாறு விட்டு ‘முறிக்க’ முயலாதீர்கள். பிறகு நேராகக் கண் ஆஸ்பத்திரி. கும்பகோணம் வெற்றிலை போடும் வீடுகளில் சுண்ணாம்பு டப்பாவையும் பாக்கெட்டையும் குழந்தை கைக்கு எட்டாமல் வைப்பது, கத்தியை எட்டாமல் வைப்பதைப் போலவே அவசியம். பொங்கலுக்கு வெள்ளையடிப்பவர்கள் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

கருவிழி மாற்று என்பது புது வைத்தியமா?

இல்லை. 1905 டிசம்பர் 7 அன்று, இன்றைய செக் நாட்டிலுள்ள ஓலோமவுட்ஸில் எடுவார்ட் சிர்ம் என்ற டாக்டர் முதல் வெற்றியைக் கண்டார். நோயாளி அலாய்ஸ் க்ளோகர், சுண்ணாம்பால் இரண்டு கண்ணும் போன கூலித் தொழிலாளி. நம் சுண்ணாம்புப் பாக்கெட்டுக் கதையேதான். இந்தியாவின் முதல் கண் வங்கி 1945-ல் சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் டாக்டர் ஆர்.இ.எஸ். முத்தையாவால் தொடங்கப்பட்டது. அதற்கும் வெகு முன்னால் தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில், கண் நோயாளிகளின் விவரத்தைக் கண்ணின் படத்தோடு பதிந்து வைத்தார்கள். அந்தப் படங்கள் சரஸ்வதி மகாலில் இருக்கின்றன.

பையன் எப்போதும் கண்ணைக் கசக்குகிறான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்ணாடி பவர் மாறுகிறது.

கருவிழி கூம்பாகும் நோயா, அதாவது கெரட்டோகோனஸா, என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வாமை அரிப்பு, ஓயாத கசக்கல், மெலிந்துகொண்டே முன்னால் துருத்தும் கருவிழி. கருவிழியின் மேடுபள்ளத்தை வரைபடமாக எடுத்தால் தெரிந்துவிடும். நோய் முன்னேறுவது உறுதியானால் ரைபோஃப்ளேவின் சொட்டும் புற ஊதா ஒளியும் கொண்டு கருவிழியை இறுக்குவார்கள். அடிப்படை முறையில் அரை மணி நேரம் சொட்டு, அரை மணி நேரம் ஒளி, கருவிழி 400 மைக்ரானாவது கனம் இருக்கவேண்டும். இது இருக்கும் பார்வையை மேலும் குறையாமல் காத்து வைக்கும், கூட்டித் தராது என்பதை முன்பே புரிந்துகொள்ளுங்கள். பார்வைக்குக் கடின கான்டாக்ட் லென்ஸ். மிக முற்றினால்தான் மாற்று அறுவை. அரிப்பை அடக்காமல் இதில் எதைச் செய்தும் பயனில்லை.

அம்மாவுக்குப் புரை ஆபரேஷன் ஆகி இரண்டு வருடம். இப்போது காலையில் மங்கல், கண்ணில் நீர்க் கொப்புளம் என்கிறார்கள்.

மேலே சொன்ன உள்வரிசைச் செல்கள் குறைந்து கருவிழி நீர் கோத்துக்கொள்வது அது. தூங்கும்போது இமை மூடியிருப்பதால் நீர் ஆவியாகாது, அதனால்தான் காலையில் அதிகம். இதற்கு முழுக் கருவிழியையும் மாற்றவேண்டியதில்லை. தானக் கருவிழியின் உள்ளடுக்கை மட்டும் மடித்து உள்ளே விட்டு, காற்றுக் குமிழியால் மேல்நோக்கி அழுத்தி ஒட்டவைப்பார்கள். குமிழி மேலேயே இருக்க, டாக்டர் சொல்லும் நேரம் வரை மல்லாந்து படுத்திருக்கவேண்டும். ஒருக்களித்துப் படுத்து அடுக்கு நழுவினால் மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குப் போய்க் குமிழி விடவேண்டும். அம்மாவுக்கு முதுகுவலி இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

முழுக் கருவிழி மாற்றிய பிறகு எப்போது பார்வை வரும்? வயலுக்குப் போகலாமா?

கட்டு அவிழ்த்ததும் எல்லாம் பளிச்சென்று தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். தலைமுடியைவிட மெல்லிய 10-0 நைலான் இழையில் பெரும்பாலும் 16 தையல் போட்டிருப்பார்கள். தையலின் இழுப்பால் பார்வை முதலில் கோணலாக இருக்கும். ஓராண்டுக்குமேல் தையல்களைப் பார்த்துப் பார்த்துப் பிரித்து, கண்ணாடி எழுதிய பிறகே முழுப் பலன். ரத்த வகை பொருத்தம் பார்ப்பதில்லை. ஆனாலும் உடல் அதை அன்னியமாக நினைத்து எதிர்க்கலாம், பல வருடம் கழித்தும்கூட. அதற்காகத்தான் ஸ்டீராய்டு சொட்டு. புண்ணுக்கு விஷமான அதே மருந்து இங்கே காவல். குப்பி தீர்வதற்கு முன்பே அடுத்ததை வாங்கிவிடுங்கள்.

சிவப்பு, கூச்சம், மங்கல், வலி. இந்த நான்கில் ஒன்று வந்தாலும் அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்காதீர்கள், 24 மணி நேரத்துக்குள் காட்டுங்கள். நிராகரிப்பை ஆரம்பத்தில் பிடித்தால் மருந்திலேயே திருப்பிவிடலாம். தளர்ந்த தையல் உறுத்தும், பீளை கட்டும். அதை அன்றே எடுக்கவேண்டும், விட்டால் அந்த இழை வழியாகவே கிருமி இறங்கும்.

முதல் சில மாதம் வயல், களம், நெல் கொள்முதல் நிலையத்தில் தூற்றும் மெஷின் பக்கம், குளத்துக் குளியல், மூட்டை தூக்குதல் எதுவும் வேண்டாம். பிறகு டாக்டர் சொன்னால் போகலாம், ஆனால் பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடியோடுதான். தைத்த வட்டம் எந்தக் காலத்திலும் பிறவிக் கண்ணின் பலத்துக்கு வராது. மாட்டுக்கொம்போ குழந்தையின் கைவீச்சோ பட்டால் அந்த வட்டம்தான் முதலில் பிரியும். மாடு கட்டும்போதும், உளுந்து அடிக்கும்போதும், இரவில் படுக்கும்போதும் கண்ணுக்கு மறைப்பு இருக்கட்டும். அடிபட்டால் அழுத்தாமல், கழுவாமல், சொட்டு எதுவும் விடாமல், ஒரு காகிதக் கோப்பையைக் கவிழ்த்துக் கண்மேல் ஒட்டிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வழியில் எதுவும் சாப்பிடவேண்டாம், மயக்க மருந்து கொடுக்கவேண்டி வரலாம்.